கெளுத்திக் குட்டைக்கு எந்த எண்ணெய்? தங்கச்சிக்கு அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, உங்கள் மகளிர் குழு பொன்னேரிப் பக்கம் ஒரு நன்னீர்க் குட்டையைக் குத்தகைக்கு எடுத்துக் கெளுத்தி வளர்க்கப் போகிறது என்று அம்மா சொன்னதிலிருந்து எனக்கு அவ்வளவு சந்தோஷம். பழவேற்காட்டு ஏரியில் முகத்துவாரம் மண்மூடிப் போகிற மாதங்களில் நம் குப்பத்து வீடுகள் எப்படித் தவிக்கும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கரையில் ஒரு வருமானம் இருந்தால் பெண்களுக்கு அது பெரிய தைரியம்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. தீவனத்தில் கலப்பதற்கு மீனெண்ணெய் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறீர்களாம். வேண்டாம். கெளுத்தி குஞ்சாக இருப்பதில் தொடங்கிக் கறிக்குப் போகும் வரை மீனெண்ணெய் ஊற்றினால் உங்கள் லாபம் அதிலேயே கரைந்துவிடும். தாவர எண்ணெயிலேயே கெளுத்தி நன்றாக வளரும். மீனெண்ணெய் கடைசிக் கட்டத்தில் கொஞ்சம் போதும். ஏன், எப்படி, எவ்வளவு என்று எல்லாவற்றையும் இதில் எழுதியிருக்கிறேன். குழுக் கூட்டத்தில் எல்லாரும் கேட்கிற மாதிரி ஒருமுறை படித்துக் காட்டு.

குஞ்சு வாங்கும் முன்

எண்ணெய்க்கு முன்னால் குஞ்சு. ஆப்பிரிக்கக் கெளுத்தியை யாராவது விலை மலிவு, சீக்கிரம் எடை போடும் என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள். அது நம் நாட்டில் வளர்க்கத் தடை செய்யப்பட்ட மீன். எதையும் விழுங்கும், ஈரத்தரையில் நெளிந்தே அடுத்த நீர்நிலைக்குப் போய்விடும். ஆரணி ஆறு மழைக்காலத்தில் கரை புரண்டால் உன் குட்டைத் தண்ணீர் எங்கே போய்ச் சேரும்? நம் ஏரிக்குத்தான். வழியில் உள்ள ஏரி குளங்களில் இருக்கிற நாட்டு மீனையெல்லாம் அது காலி செய்துவிடும். பிடிபட்டால் அதிகாரிகள் மொத்தத்தையும் அழிப்பார்கள், போட்ட முதல் திரும்பாது. பங்காசியஸ் வாங்கு, சென்னைக் கடைகளில் ‘பாசா’ என்று விற்கிறார்களே, அந்த வகை. ஆந்திராவில் கொல்லேறு ஏரியைச் சுற்றிப் பெரிய அளவில் வளர்க்கிறார்கள். இல்லாவிட்டால் நம் நாட்டுத் தேளி. எதுவானாலும் மீன்வளத் துறையிடம் கேட்டு, அனுமதியுள்ள பண்ணையிலிருந்து ரசீதோடு வாங்கு.

கெளுத்தியால் முடிகிறது, கொடுவாவால் முடியாது

மீனெண்ணெய்க்கு ஏன் இந்த மவுசு என்றால், அதில் இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்று இரண்டு ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் இருக்கின்றன. மத்தியிலும் கவலையிலும் நிறைய இருப்பது இவைதான். மூளைக்கும் கண்ணுக்கும் இதயத்துக்கும் நல்லது என்று டாக்டர்கள் சொல்வதும் இவற்றைத்தான். மத்தி இவற்றைத் தானாக உண்டாக்கவில்லை. கடலில் மிதக்கும் நுண்பாசி உண்டாக்கியது, அதைத் தின்ற உயிர்கள் வழியாக மத்திக்கு வந்து சேர்கிறது.

கொடுவா மாதிரி மற்ற மீனைப் பிடித்துத் தின்னும் மீனுக்கு இந்த இரண்டும் இரையிலேயே தயாராகக் கிடைத்துவிடும். அதனால் தானே செய்துகொள்ளும் திறன் அதன் உடம்பில் மிகக் குறைவு. நன்னீர்க் கெளுத்தி அப்படியில்லை. ஆளிவிதையிலும் சோயாவிலும் லினோலெனிக் அமிலம் என்று ஒரு ஒமேகா-3 இருக்கிறது. அதைக் கொடுத்தால் கெளுத்தியின் கல்லீரல் அதைப் படிப்படியாக நீட்டி இ.பி.ஏ.வாகவும் டி.எச்.ஏ.வாகவும் மாற்றிக்கொள்ளும். தன் உடம்பு நடக்கிற அளவுக்கு மாற்றும். சாப்பிடுகிற நமக்கு அள்ளிக் கொடுக்கிற அளவுக்கு மாற்றாது. இந்தக் கடைசி வாக்கியத்தை ஞாபகம் வை, பின்னால் வேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் மிசிசிப்பிப் பக்கம் பெரிய பெரிய குளங்களில் வளர்க்கும் கெளுத்திக்குத் தீவனத்தில் 1 முதல் 2 சதவீதம் லினோலெனிக் இருந்தால் போதும் என்று கண்டிருக்கிறார்கள். மீனெண்ணெயில்தான் வளரும் என்று நம்பியிருந்த சால்மனே இன்று மாறிவிட்டது. நார்வேயில் 1990-ல் சால்மன் தீவனத்தில் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக, 24 சதவீதம், மீனெண்ணெய் இருந்தது. 2020-ல் அது ஏறக்குறைய 10 சதவீதம். அந்த இடத்தைப் பெரும்பாலும் பிடித்தது கடுகுக் குடும்பத்து ரேப்சீட் எண்ணெய். சால்மனுக்கே இப்படி என்றால் கெளுத்திக்கு நாம் ஏன் யோசிக்க வேண்டும்?

விலையையும் பார். உலகத்து மீனெண்ணெயில் ஒரு பெரிய பங்கு பெரு நாட்டு நெத்திலியிலிருந்து வருகிறது. 2023-ல் எல் நினோவால் கடல் சூடாகி, பிடிபட்டதில் குஞ்சுகளே அதிகம் இருந்ததால் அந்நாடு முதல் பருவ மீன்பிடிப்பையே ரத்து செய்தது. உலகம் முழுக்க மீனெண்ணெய் விலை எகிறியது. நம் பக்கத்து மத்தியும் நம்பக்கூடியது இல்லை. கேரளத்தில் 2012-ல் நாலு லட்சம் டன்னை நெருங்கிப் பிடிபட்ட மத்தி, 2021-ல் வெறும் 3,297 டன் என்று கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கணக்குச் சொன்னது. இப்படி ஏறி இறங்குகிற பொருளை நம்பி ஒரு மகளிர் குழு கடன் வாங்கக் கூடாது. அதோடு, ஒரு டன் நெத்திலியை அரைத்தால் கிடைக்கிற எண்ணெய் ஐம்பது கிலோ அளவில்தான். ஏழை வீட்டுக் குழந்தை குறைந்த விலையில் தின்னக்கூடிய சத்தான மீன் மத்தியும் கவலையும்தான். அதை அரைத்து, தேவையே இல்லாத கெளுத்திக்கு ஊற்றுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

எந்த எண்ணெய், எது ஆகாது

முதலிடம் ஆளிவிதை எண்ணெய்க்கு. அதில் பாதிக்கு மேல் லினோலெனிக். விலை கூடுதல், ஆனால் கொஞ்சம் போதும். அடுத்தது சோயா எண்ணெய். அதில் பாதிக்கு மேல் ஒமேகா-6 என்கிற லினோலிக், 7 சதவீதம் போல லினோலெனிக். கெளுத்திக்கு இரண்டும் வேண்டும். அதனால் ஆளியும் சோயாவும் சேர்த்துப் போடுவதுதான் என் சிபாரிசு.

ஆளி எண்ணெய் வாங்கும்போது ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. பெயிண்ட் கடையில், ஹார்டுவேர் கடையில் ‘லின்சீட் ஆயில்’, ‘டபுள் பாயில்டு’ என்று டின்னில் விற்பார்கள். ஆளி எண்ணெய்தான் அதுவும், விலையும் குறைவு. ஆனால் அது மரத்தில் பூசினால் சீக்கிரம் காய்வதற்காக உலோக உப்புகள் சேர்த்துக் காய்ச்சியது. மீனுக்கும் விஷம், அந்த மீனைத் தின்கிற நமக்கும் கெடுதல். படகுக்குப் பெயிண்ட் வாங்கப் போகும் ஆம்பளைகளிடம் ‘அப்படியே ஆளி எண்ணெயும் வாங்கி வா’ என்று சொல்லிவிடாதே. செக்கில் ஆட்டிய, சாப்பிடத் தகுந்த எண்ணெய் என்று லேபிளில் இருப்பதை நீயே போய்ப் பார்த்து வாங்கு. எண்ணெய் கிடைக்கவில்லை என்றால் ஆளி விதையாகவே வாங்கலாம். விதையில் நூற்றுக்கு நாற்பது பங்கு எண்ணெய். ஆனால் பச்சையாகப் போடாதே. அதில் கொஞ்சம் சயனைடு கொடுக்கும் பொருளும், வைட்டமின் பி-6ஐக் கெடுக்கும் பொருளும் உண்டு. அரைத்து, மற்ற மாவோடு சேர்த்து நன்றாக வேகவைத்தால் அந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

பாமாயில் மலிவு, தெம்பு கொடுக்கும், சீக்கிரம் காறிப் போகாது. ஆனால் ஒமேகா-3 அதில் இல்லை என்றே சொல்லலாம். மார்கழிக் குளிரில் உறைந்து கட்டியாகி உருண்டையில் ஒட்டாது. மொத்த எண்ணெயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடாதே. ரேஷன் பாமாயிலைக் குட்டைக்குக் கொண்டுபோகும் யோசனை யாருக்காவது வந்தால் அங்கேயே தடுத்துவிடு. அது குடும்ப அட்டைக்கு அரசு கொடுக்கிற உணவு. தீவனத்துக்குத் திருப்பினால் தப்பும், வழக்கும்.

சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி ஒமேகா-6தான். தனியாகப் பயன்படாது. கடுகெண்ணெயில் எருசிக் அமிலம் அதிகம், தள்ளி வை. தேங்காயெண்ணெய் வீட்டில் தலைக்கு இருக்கட்டும்.

விளக்குக் கடையில் விற்கும் ‘தீப எண்ணெய்’ எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதே. சமையலுக்கு ஆகாது என்று அதிலேயே போட்டிருக்கும். வேப்ப எண்ணெய், புங்க எண்ணெய், ஆமணக்கு எதுவும் வேண்டாம்.

பஜ்ஜிக் கடை, சிக்கன் பக்கோடா கடை எண்ணெயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதைத்தான் பலபேர் ‘வீணாகப் போவதுதானே’ என்று குட்டைக்குக் கொண்டுபோகிறார்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்கு ஆகாது என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018-ல் நடைமுறைக்கு வந்தது. அந்த எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் செய்யத் தனித் திட்டமே இருக்கிறது. மனுஷனுக்கு ஆகாதது மீன் கல்லீரலுக்கு மட்டும் ஆகிவிடாது. மீன் வழியாக அது நம் தட்டுக்கே திரும்பி வரும். கோழிக் கழிவை வேகவைத்துப் போடுவதும் அப்படித்தான். நோயும் நாற்றமும் கெட்ட பெயரும் மிஞ்சும்.

நூறு கிலோவுக்கு ஒரு கணக்கு

கைத்தீவனம் செய்தால் இந்த அளவை வைத்துக்கொள். சோயாப் பிண்ணாக்கு 30 கிலோ, கடலைப் பிண்ணாக்கு 20, எண்ணெய் எடுத்த தவிடு 25, உடைத்த மக்காச்சோளமோ நொய்யோ 15, கருவாட்டுத் தூள் 5, மரவள்ளி மாவு 2, தாது உப்பும் வைட்டமினும் சேர்ந்த கலவை 1, எண்ணெய் 2. மொத்தம் 100. புரதம் 28-29 சதவீதம் வரும், கொழுப்பு 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். வளர்கிற பங்காசியஸுக்கு இது தாராளம்.

அந்த 2 கிலோ எண்ணெயில் ஆளி 1, சோயா 1. தண்ணீர் பச்சையாக இருக்கும் மண் குட்டையில் புழு பூச்சி, பாசி என்று கொஞ்சம் இயற்கை இரையும் கிடைப்பதால் இது போதும். தார்ப்பாய்த் தொட்டியில் வளர்த்தால் அப்படி எதுவும் கிடைக்காது, அப்போது 2 கிலோவையும் ஆளியாகவே போடு. லினோலெனிக் 1 சதவீதத்தைத் தொட்டுவிடும்.

இதில் மூன்று இடத்தில் கண் வேண்டும். கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு சேரும், அதை வேகவைத்தாலும் போகாது. பச்சை, மஞ்சள், கறுப்பு என்று பூத்த துண்டு ஒன்று தெரிந்தாலும் அந்த மூட்டையைத் திருப்பிக் கொடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலைப் பிண்ணாக்கைப் பாதியாகக் குறைத்து சோயாவைக் கூட்டுவது இன்னும் நல்லது. இரண்டாவது தவிடு. ரைஸ் மில்லில் கிடைக்கும் பச்சைத் தவிட்டில் 15 சதவீதத்துக்கும் மேல் எண்ணெய் இருக்கும், சில நாளிலேயே காறிப் போகும். அதனால்தான் எண்ணெய் எடுத்த தவிடு என்று குறிப்பாகச் சொல்கிறேன். மூன்றாவது மக்காச்சோளம். மஞ்சள் சோளம் கூடினால் கெளுத்தியின் சதை மஞ்சளடிக்கும். வெள்ளைச் சதை கேட்கிற ஓட்டல்காரர் ‘பழைய மீன்’ என்று விலை குறைப்பார். 15 கிலோவைத் தாண்டாதே.

கம்பெனி மிதவைத் தீவனம் வாங்குவதானால் மூட்டையில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று படி. 4, 5 என்று இருந்தால் மேற்கொண்டு 1 சதவீதத்துக்கு மேல், அதாவது கிலோவுக்குப் பத்துப் பன்னிரண்டு மில்லிக்கு மேல், எண்ணெய் பூசாதே.

எண்ணெய் ஒட்டணும், மிதக்கக் கூடாது

இதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். மாவை எல்லாம் சலித்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, பெரிய அண்டாவில் இட்லி மாதிரி ஆவியில் வேகவை. வெந்ததைத் தட்டில் கொட்டிப் பிரித்து விடு. கை வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறட்டும். அதற்குப் பிறகுதான் எண்ணெயும் வைட்டமினும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ஆளி எண்ணெயின் நல்ல குணமும் போகும், வைட்டமினும் போகும். எண்ணெயைத் தனியாக ஊற்றாமல் ஒரு பாத்திரத்தில் வடிகஞ்சி கொஞ்சம் எடுத்து, அதில் எண்ணெயைச் சிறு தாரையாக விட்டு மத்தால் கடை. சோயா லெசித்தின் கிடைத்தால் 100 கிலோவுக்குக் கால் கிலோ போதும், எண்ணெயும் கஞ்சியும் பிரியாமல் பால் மாதிரி வெள்ளையாகச் சேர்ந்து நிற்கும். அந்தப் பால்தான் மாவுக்குள் ஊறும். பிறகு கைமா மெஷினில் பிழிந்து, விரல் கணுவளவுக்கு உடைத்துப் போடு.

கருவாடு காயவைத்துப் பழகிய கை உனக்கு. எதையும் மணலில் பரப்பி உச்சி வெயில் காட்டத் தோன்றும். இதை மட்டும் நிழலில், காற்றோட்டத்தில், வெள்ளைத் துணி மேல் காயவை. வெயில் பட்டால் ஆளி எண்ணெய் ஒரே நாளில் பெயிண்ட் வாடை அடிக்க ஆரம்பிக்கும்.

கம்பெனி மிதவை உருண்டைக்கும் இதே கஞ்சி எண்ணெய்தான். தார்ப்பாயில் பரப்பி, இரண்டு பேர் எதிரெதிரே நின்று தார்ப்பாயின் முனைகளைப் பிடித்து உருட்டிக்கொண்டே, மூன்றாமவர் கையால் தெளிக்கணும். அரை மணி நேரம் ஊறட்டும். பிறகு சோதனை. ஒரு எவர்சில்வர் வாளியில் தெளிந்த தண்ணீர் எடுத்து ஒரு கைப்பிடி போடு. தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம் விரிகிறதா பார். ஐந்து நிமிஷம் கழித்தும் தண்ணீர் தெளிவாக இருந்தால் எண்ணெய் ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். படலம் விரிந்தால் அன்றைய எண்ணெய் மீன் வயிற்றுக்குப் போகாது, குட்டை மேல் மிதந்து கரையில் ஒதுங்கும். கஞ்சியைக் கொஞ்சம் கெட்டியாக்கி மறுபடி செய். பூசிய தீவனத்தை அன்றைக்கே போட்டுத் தீர்த்துவிடு.

காறல் வாடை

உடம்புக்கு நல்ல எண்ணெய்தான் சீக்கிரம் கெடும். மீனெண்ணெயும் அப்படி, ஆளியும் அப்படி. காறிப்போன எண்ணெய் தின்ற மீன் இரையெடுக்காது, சோகை பிடிக்கும், சதை இளைக்கும், கல்லீரல் வெளிறும். டின்னைத் திறந்ததும் மோந்து பார். ஆளிக்குக் கொஞ்சம் கொட்டை வாசனை இயல்பு. வார்னிஷ், பழைய பெயிண்ட் மாதிரி மூக்கில் ஏறினால் தூக்கிப் போடு, விலையை நினைத்து மனசு இளகாதே. சின்ன டின்களாக வாங்கு. ஆளி எண்ணெயை இருட்டான, குளிர்ந்த இடத்தில் வை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அட்டாலியில் வைக்காதே. திறந்த டின் ஒரு மாதத்துக்குள் தீர வேண்டும். வைட்டமின் கலவையில் வைட்டமின் ஈ இருக்கிறதா என்று கேட்டு வாங்கு, எண்ணெய் காறாமல் காப்பதும் அதுதான், மீனைக் காப்பதும் அதுதான்.

மாதம் ஒருமுறை இரண்டு மீனை எடுத்து வயிற்றைக் கீறிப் பார். மீன் அறுப்பது உனக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. குடலைச் சுற்றி வெள்ளைக் கொழுப்பு மெலிதாக ஒட்டியிருந்தால் சரி. வயிறு முழுக்கக் கொழுப்பு திரண்டு நின்றால் எண்ணெயையோ இரையின் அளவையோ குறை, கொழுப்புக்குக் காசு கொடுத்து வளர்க்கிறாய் என்று அர்த்தம், கழிவாகத்தான் போகும். கல்லீரல் ரத்தச் சிவப்பாக இருக்கணும். மஞ்சளாகவோ வெளிறியோ இருந்தால் எண்ணெய் டின்னை முதலில் சந்தேகி. பொன்னேரியிலேயே டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி இருக்கிறது. மீனையும் தீவனத்தையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டிக் கேள், கூச்சப்படாதே. சேற்று வாடை அடிக்கிறது என்று யாராவது சொன்னால் அதற்கும் எண்ணெய்க்கும் சம்பந்தமில்லை. அது குட்டையில் நீலப்பச்சைப் பாசி பெருகியதால் வருவது. சில நாள் சுத்தமான தண்ணீரில் இரையில்லாமல் விட்டால் குறையும்.

கடைசி இரண்டு மூன்று மாதம்

இப்போது அந்த மீனெண்ணெய். மீன் என்ன கொழுப்பைத் தின்கிறதோ அதே கொழுப்புதான் அதன் சதையில் படியும். சோயா எண்ணெயில் வளர்ந்த கெளுத்தியின் சதையில் ஒமேகா-6 கூடி, இ.பி.ஏ., டி.எச்.ஏ. குறைந்திருக்கும். மீனுக்கு ஒன்றும் ஆகாது, எடையும் குறையாது. ஆனால் கர்ப்பிணிப் பெண்ணும் பால்கொடுக்கும் தாயும் சின்னக் குழந்தையும் உன் மீனைச் சாப்பிடுகிறார்கள் என்றால், அவர்கள் மீனில் தேடுவது அந்த இரண்டைத்தானே?

அதற்குத்தான் கடைசிக் கட்டம். ஸ்காட்லாந்தில் ஸ்டிர்லிங் பல்கலைக்கழகத்தார் சால்மனைத் தாவர எண்ணெயில் வளர்த்து, பிடிப்பதற்கு முன் சில மாதம் மீனெண்ணெய்த் தீவனத்துக்கு மாற்றி, சதையில் அந்தச் சத்துகளைப் பெருமளவு திரும்பக் கொண்டுவரலாம் என்று காட்டினார்கள். கெளுத்திக்கும் வழி அதுதான். பிடிப்பதற்கு இரண்டு மூன்று மாதம் இருக்கும்போது 2 கிலோ எண்ணெயும் நல்ல மீனெண்ணெயாக மாற்று. பழைய கொழுப்பு எங்கேயும் ஓடிப்போவதில்லை. மேலே புதுக் கொழுப்பு சேரச் சேரப் பழையது நீர்த்துப் போகிறது. அதனால் அந்த மாதங்களில் மீன் நன்றாக வளர்ந்துகொண்டே இருக்கணும். வளர்ச்சி நின்ற மீனுக்கு மீனெண்ணெய் ஊற்றினால் பலன் குறைவு. அதிக மழையில், மேகமூட்டத்தில் இரையெடுப்பு குறையும் என்பதால், கார்த்திகையில் வந்து முடிகிற மாதிரி அறுவடை வைக்காதே.

கணக்குப் போடுவோம். கைத்தீவனத்தில் ஒரு கிலோ மீனுக்கு 2 கிலோ தீவனம் என்று வை. ஒரு டன் மீனுக்கு 2,000 கிலோ தீவனம், அதில் 40 கிலோ எண்ணெய். கடைசிக் கட்டத் தீவனம் 600 கிலோ என்றால் மீனெண்ணெய் 12 கிலோ மட்டும். மீதி 28 கிலோ தாவர எண்ணெய். முதலில் நீங்கள் வாங்கப் போனதோ நாற்பதும் மீனெண்ணெய்.

குழுவில் அந்த 12 கிலோவுக்கும் காசில்லை என்றால் பரவாயில்லை, விட்டுவிடு. ஆனால் விற்கும்போது ‘ஒமேகா-3 மீன்’ என்று சொல்லாதே. கெளுத்தி நல்ல புரதம், முள் குறைவு, குழந்தைக்குக் கொடுக்கச் சுலபம் என்று உள்ளதைச் சொல்லு. ஒமேகாவுக்கு வாரம் ஒருநாள் மத்தியோ கவலையோ வாங்கச் சொல்லு. மத்தியும் நம் ஊர்க் கூடையில்தானே வருகிறது.

கொடுவாவுக்கு இதைக் காப்பி அடிக்காதே

உங்கள் குப்பத்தில் கூண்டில் கொடுவா வளர்க்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு ‘எண்ணெயை மாத்திடலாம்’ என்று கிளம்புவார்கள். ஆகாது. கொடுவாவுக்கு இ.பி.ஏ., டி.எச்.ஏ. தயாராகவே தீவனத்தில், மொத்தத்தில் 1 சதவீதத்துக்கும் மேலாக இருக்க வேண்டும். குறைந்தால் வளர்ச்சி நிற்கும், குஞ்சுகள் சாகும். மீன்தூள் தாராளமாக உள்ள தீவனத்தில் எண்ணெயில் ஒரு பகுதியை மாற்றலாம், முழுசாக முடியாது. சென்னை சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், எல்லாரும் ‘சிபா’ என்று சொல்வது, 1997-லேயே கொடுவாக் குஞ்சைப் பொரிப்பகத்தில் உற்பத்தி செய்தது. கொடுவாத் தீவனம் பற்றிக் கேட்க அவர்களைவிட நல்ல இடம் இல்லை. பால்கெண்டை அப்படியில்லை, அது பாசி தின்கிற சாதி, தாவர எண்ணெயை நன்றாகவே ஏற்கும்.

குத்தகைப் பத்திரம் போடும் முன்

குட்டை ஏரிக்கு எவ்வளவு தூரம் என்று அளந்து பார். 1996-ல் உச்ச நீதிமன்றம் பழவேற்காடு, சிலிகா ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணைகள் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அது இறாலுக்கு, உன்னுடையது நன்னீர் மீன். ஆனாலும் பறவைகள் சரணாலயம் பக்கத்தில் இருப்பதால் மீன்வளத் துறையிடம் சர்வே எண்ணைக் காட்டி, எழுத்தில் பதில் வாங்கிக்கொள். அங்கேயே பிரதமரின் மீன்வளத் திட்டத்தில், அதாவது 2020-ல் வந்த மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், குளத்துக்கும் தீவன இயந்திரத்துக்கும் மானியம் கேள். பெண்களுக்கு 60 சதவீதம் வரை உண்டு. விண்ணப்பத்தைக் குழுவின் பெயரில் போடலாமா, தனித்தனியாகவா என்று அவர்களே சொல்வார்கள்.

தண்ணீரில் உப்பு எவ்வளவு என்றும் ஒருமுறை சோதித்துவிடு. கோடையில் கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறுகிற மாதிரி குட்டையிலும் ஏறும். சித்திரையில் எடுத்த தண்ணீரைச் சோதித்தால்தான் உண்மை தெரியும், தையில் எடுத்தால் இனிக்கத்தான் செய்யும்.

ஆளி எண்ணெயைச் சில்லறையில் வாங்கினால் கட்டாது. பக்கத்துக் குப்பத்துக் குழுக்கள் இரண்டு மூன்றைச் சேர்த்துக்கொண்டு செக்குக்காரரிடம் விதையை நீங்களே வாங்கிக் கொடுத்து ஆட்டச் சொல். பிண்ணாக்கையும் கேட்டு வாங்கிக்கொள், வேகவைத்தால் அதுவும் தீவனத்துக்கு ஆகும். அரவைக் கூலியைக் குழு நோட்டில் எழுதும்போது எண்ணெய் எத்தனை கிலோ வந்தது, எந்தத் தேதியில் ஆட்டியது என்று டின் மேலேயே மார்க்கரில் எழுதி ஒட்டிவிடு.